தொப்புளை அமுக்கினால் முடி வளரும்

ஜன. 6, செவ்வாய்

பனி. ஏழு மணிக்கும் எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை. கடையில் செய்ய வேண்டியவை: வளையல் டப்பாக்களைத் துடைப்பது, புதுப் பொட்டு அட்டைகளைத் தொங்கவிடுவது. செய்தது: நீலக் கவுன்காரியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உதட்டைப் பார்த்தது.

சிவந்திருந்தது! குளிர்ந்தால் உதடும் இமையும் சிவக்கும். வெந்நீர்த் துணியால் ஒற்றினால் வெளுத்துவிடும். எந்தக் காலத்துப் பொம்மை. இவளோடு விளையாடிய பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். இவள் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள். நூறு தடவை பார்த்தாயிற்று, நூற்றியோராவது தடவையும் வாய் பிளந்தேன்.

என் மனைவி கலா பிளக்கவில்லை. "மாவுக் கிண்ணத்துக்குப் பக்கத்துல தல வெச்சிப் படுத்துக்கினு இருக்குது. இட்லில முடி வந்தா என் முடின்னு சொல்லாதீங்க, ஆமா."

கடை அலமாரியில் இவளைப் போல ஆறு பேர். எல்லாருக்கும் சீவலாம், பின்னலாம், பொட்டு வைக்கலாம். கள்ளக்குறிச்சியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற ஐம்பத்து மூன்று வயது வழுக்கை பொம்மைக்குச் சடை போடுகிறது. தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். பாதியை டீக்கடையில் கிளப்பிவிட்டதே நான்தான்.

ஜன. 8, வியாழன்

வெயில் நன்றாக ஏறிய பிறகு அஞ்சலை வந்தாள். வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஊர். சாமை விற்க இறங்கினால் என் கடையில் ரிப்பன் வாங்காமல் போக மாட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அலமாரியைப் பார்த்துச் சிரிப்பு.

"இன்னாண்ணா, இந்த வயசுல பொம்ம?"

"எனக்குத்தான் முடி இல்ல. யார் தலையவாவது சீவணுமே."

"எங்க வூட்லயும் ஒண்ணு கீது. மொட்ட."

அவள் சொன்னது: ஐந்து வயதில் கடுங்காய்ச்சல். பிழைத்தால் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அப்பா மெட்ராஸில் கட்டட வேலை. வேலை செய்த வீட்டில் கொடுத்த வெளிநாட்டுப் பொம்மையைக் கொண்டுவந்திருந்தார். கோயிலில் கத்தியைக் கண்டு இவள் அலறல். சமாதானத்துக்கு முதலில் பொம்மைக்கு மொட்டை, அப்புறம் இவளுக்கு.

"எனக்கு வளந்துச்சி, அதுக்கு வளரல. தெனம் எந்திரிச்சதும் அது தலயத் தடவிப் பாப்பேன். ரெண்டு வருசம் பாத்தேண்ணா. அப்புறம் பெட்டில போட்டுட்டேன்."

உச்சியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். தொப்புள், பித்தான் மாதிரி அமுங்குமா? "ஆமாண்ணா! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியும். அந்த வகையைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். "சும்மா கேட்டேன். அதக் கொண்டாந்து குடு, வளையல் தரேன்" என்றேன். ஒரு சேதி கைக்குக் கிடைத்தும் நான் யாரிடமும் சொல்லாதது, எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

ஜன. 9, வெள்ளி

கொண்டுவந்துவிட்டாள். துணிப்பை முழுக்கத் தவிட்டு வாசனை. பதிலுக்கு நான் கொடுத்தவை: கண்ணாடி வளையல் இரண்டு டஜன், சாட்டின் ரிப்பன், முத்துக் கிளிப். வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டாள். நான் பட வேண்டிய வெட்கம்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினேன். டார்ச், புருவம் பிடுங்கும் இடுக்கி. தொப்புளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் துழாவல். ஏதோ அகப்பட்டது. இழுத்தேன்.

வந்தது.

செம்பட்டை முடி. வெளிச்சமே படாததால் நேற்று செய்தது போல் நிறம். தோள். இடுப்பு. முழங்கால். இன்னும் வருகிறது! முதுகில் ஒரு திருகு இருக்கிறது, சுற்றினால் அத்தனையும் திரும்ப உள்ளே. மொட்டை போட்ட அன்றைக்கு யாரோ முழுக்கச் சுற்றிவைத்திருக்க வேண்டும். கத்தி மேலே இருந்ததை மட்டும் வழித்திருக்கிறது. மீதி முப்பது வருஷமாக வயிற்றுக்குள்.

கும்பிட்டேன். விளையாட்டுக்கு இல்லை. ஹேர்பின் அட்டைகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் பெண் ஒருத்தியை.

கலா ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தாள். கையில் சாப்பாட்டுக் கேரியர். அப்படியே நின்றாள். "அடி ஆத்தி" என்று மட்டும் வந்தது. அப்புறம்:

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒங்களுக்குத் தெரிஞ்சேதான வாங்கினீங்க?"

குழம்பில் உப்பு கம்மி என்றேன். இன்னும் கேரியரைத் திறக்கவேயில்லை.

ஜன. 10, சனி

சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் நாலு தோசை. திருப்பிக் கொடுத்தால் இந்த ஜன்மத்தில் இன்னொன்று கிடைக்காது. சேதி மட்டும் சொன்னால் போதாதா? போட்டோ அனுப்பினால்?

கலா: "போட்டோல தொப்புள அமுக்க முடியுமா?"

ஜன. 11, ஞாயிறு

மலை பஸ். முடியை உள்ளே சுற்றி, நுனி மட்டும் வெளியே விட்டு, பொம்மையைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர்:

"கொழந்தைக்கு ஒடம்புக்கு இன்னாங்க?"

"முடி கொட்டுது."

வளைவுக்கு வளைவு தள்ளி உட்கார்ந்தார்.

அஞ்சலை வீட்டு வாசலில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. "வளையலத் திருப்பி வாங்க வந்தீங்களாண்ணா?"

"இல்லம்மா. தொப்புள அமுக்கிக்கினு நுனியப் புடிச்சி இழு."

இழுத்தாள். முழங்கால் தாண்டியதும் கை நின்றுவிட்டது. கேழ்வரகு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பொம்மையிடம், என்னிடம் இல்லை: "உள்ளதான் இருந்தியாடி?"

அந்த நேரத்தில்தான் வாயைக் கொடுத்தேன்: தெரிந்தேதான் வாங்கினேன் என்று.

"தெரியும்ண்ணா. மொட்டைக்கு யாரு ரெண்டு டசன் குடுப்பா?"

அவள் மகள் காவியா, நாலு வயது, இடுப்பு வரை சிக்குத்தலை, பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போனது. இறங்குகிற பஸ்ஸில் மடி காலி. தியாகம் என்று பெரிதாக எழுதலாம். எழுதினால் கலா படித்துவிடுவாள்.

ஜன. 24, சனி

அஞ்சலை போன். நாளைக்குக் காவியாவுக்கு மொட்டை. பொம்மைக்கும் கூடவே எடுத்தால்தான் உட்காருவேன் என்கிறதாம். "இப்பதான் அதுக்கும் முடி வந்திச்சே!" என்று வாதாடுகிறதாம்.

காதில் விழுந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முழங்காலைத் தாண்டி இருக்கிறதே அம்மா!

"காவியாவுக்கு என் தம்பி மடி. பொம்மைக்கும் தாய்மாமன் வேணுமாம். நீங்க வரணும்ண்ணா."

கலா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பிறகு மிச்சத் துணியில் ஒரு சின்னப் பாவாடை தைத்தாள். மாமன் வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

ஜன. 25, ஞாயிறு

மலைக் கோயில். பல் கிட்டும் குளிர். என் மடியில் பொம்மை, முடி தரை வரைக்கும். பக்கத்தில் அஞ்சலையின் தம்பி மடியில் காவியா, கண்ணை மூடாமல் பார்த்தபடி. முடி எடுப்பவர் என் தலையை ஒரு நோட்டம் விட்டார்: "ஒங்களுக்கு வேல இல்ல. கொழந்தையக் காட்டுங்க."

கத்தியை நனைக்கப் போனார். என் கை பொம்மையின் முதுகில். ஒரு சுற்று. இரண்டு. முடி தரையை விட்டு ஏறுகிறது. சாமிக்குச் சேர வேண்டியது. மூன்று.

"மாமா, அது முதுகுல இன்னா பண்றீங்க?" காவியா.

"அரிக்குதாம்."

அஞ்சலை என் கையைப் பார்த்துவிட்டாள். குனிந்து, முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி மறைத்துக்கொண்டு, காதோரம்:

"நிறுத்தாதீங்கண்ணா. நுனி மட்டும் வெளிய இருக்கட்டும்."