வேறொரு பம்பின் சீட்டு

இன்று லஸ் முனையில் தையல் மிஷினுக்கு ஒரு உதிரி வாங்கினேன். கடைக்காரர் அதை எண்ணெய்த் தாளிலிருந்து பிரித்தபோது அந்த வாசனை வந்தது. உலகப் போர் முடிந்த புதிதில் நான் துவைக்க எடுக்கும் உங்கள் சட்டையெல்லாம் அப்படித்தான் மணக்கும். சில்லறையை வாங்க மறந்து நின்றுவிட்டேன்.

பட்டாளம் விட்டுப்போன விமானச் சாமான்களை ஏலத்தில் எடுத்தவர்கள் தேனாம்பேட்டையில் கொட்டகை போட்டு விற்ற காலம். மீனம்பாக்கத்தில் ஒரு சின்ன விமானக் கம்பெனிக்கு நீங்கள் மெக்கானிக்; சாமான் வாங்குகிறவரும் நீங்களே. ஞாயிறு பூசை முடிந்து சாந்தோம் கடற்கரையில் நடக்கும்போது, சாமான்களில் நூல் கட்டித் தொங்கும் அட்டைச் சீட்டுகளைப் பற்றிச் சொல்வீர்கள். மஞ்சள் என்றால் அப்படியே மாட்டலாம், பச்சை என்றால் பழுது பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் உதவாது. "மஞ்சள்னா புதுசுன்னு அர்த்தமில்ல. யாரோ ஒருத்தர் பார்த்துட்டு, வேலை செய்யுதுன்னு கையெழுத்து போட்டிருக்கார். அவ்ளோதான்" என்பீர்கள். நான் அலையில் கால் நனைத்தபடி பாதிதான் கேட்பேன்.

போரில் விமானம் ஓட்டிய என் தம்பி, திரும்பி வந்து வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தான். நீங்கள்தான் முதலாளியிடம் பேசி அவனைச் சேர்த்துவிட்டீர்கள். முதல் பயணம் பெங்களூருக்கு. அதற்கு முந்தின நாள் விமானத்தின் பெட்ரோல் பம்பு கெட்டுப்போனது. தேனாம்பேட்டையில் ஒன்று கிடைத்தது, மஞ்சள் சீட்டோடு. அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். சீட்டில் எழுதியிருந்த எண் ஒன்று. பம்பின் அடியில் வெட்டியிருந்த எண் வேறு.

"மஞ்ச சீட்டுதானே கீது மச்சான், அப்புறம் இன்னா?" என்றான் தம்பி.

"சீட்டு நல்ல சீட்டுதான்டா. ஆனா இந்தப் பம்போடது இல்ல."

முதலாளியே வீட்டுக்கு வந்து கெஞ்சிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். நீங்கள் மாட்டமாட்டேன் என்றுவிட்டீர்கள். பயணம் நின்றது. மாதம் முடியுமுன் இருவருக்குமே வேலை போயிற்று. தம்பி கத்தவில்லை. பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். கிறிஸ்துமஸுக்கும் அவன் வரவில்லை. அவனுக்கென்று ஒரு தட்டை நீங்களே எடுத்து வைத்தீர்கள். சாப்பிட்டு முடிந்ததும் அதை நீங்களே அலமாரியில் திரும்ப வைத்தீர்கள். எனக்கும் அன்று உங்கள்மேல் கோபம்தான். பம்பை எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அது நல்லதா கெட்டதா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கெட்டதுதான் என்று தெரிந்திருந்தால் உங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு அவனுக்கு வேறிடத்தில் விமானம் ஓட்டும் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. மகன் பிறந்ததும் ஞானஸ்நானத்துக்கு உங்களைத்தான் ஞானத்தகப்பனாக நிற்கக் கூப்பிட்டான். பழையதை இருவரும் பேசவில்லை. கையில் வாங்கிய குழந்தையைக் கோயிலை விட்டு வெளியே வரும்வரை நீங்கள் யாரிடமும் கொடுக்கவில்லை.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அந்தப் பம்பு நல்லதாவே இருந்திருக்கலாம்க்கா. ஆனா தெரியாம என்னை மேல அனுப்ப மச்சானுக்கு மனசு வரல" என்றான்.

அவன் இன்னமும் பறக்கிறான். வானத்தில் சத்தம் கேட்டால் அவனுக்காகச் சிலுவை போட்டுக்கொள்வது என் பழக்கம். நீங்கள் போனபின் இன்னொரு முறையும் போட்டுக்கொள்கிறேன். அந்த விமானத்தை அனுப்பிவிட்டு, யாரோ ஒரு மெக்கானிக் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார் அல்லவா, அவருக்காக.