தலை திருப்பிய கேமரா

மார்ச் 4

அன்புள்ள திருப்புளிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குத் தாளும் பேனாவும் என்று முழிப்பாய். காரணம் இருக்கிறது. பெயருக்கேற்றபடி திருப்புளியும் கையுமாக நீ பழுது பார்த்து அனுப்பிய சாமான்கள் இந்த வீட்டில் பெருகிவிட்டன. எது பேசுகிறது, எது கேட்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தாள் யாரிடமும் போய்ச் சொல்லாது.

அப்பா சௌகரியம். நீ சரிபண்ணிக் கொடுத்த காதுக் கருவிதான் சரிப்படவில்லை. "உய்யினு கத்துதும்மா, வேற ஒண்ணும் கேக்கல" என்கிறார். ஆனாலும் மகன் அனுப்பியது என்று கழற்றுவதில்லை. நான் பழையபடி தொண்டை வற்றக் கத்துகிறேன். அந்தப் பழக்கத்தில், வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும்போதும் கத்திவிடுகிறேன். ஊசியைவிட என் குரலுக்குத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள்.

விஷயம் இதுதான். அப்பா தடுக்கி விழுந்தால் நான் வேலை இடத்திலிருந்தே பார்க்கலாம் என்று ஒரு கேமரா அனுப்பினாயே, அதைக் கூடத்து அலமாரி மேல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்திருந்தார். அவர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருப்பதைப் போன மாதமே உனக்குச் சொன்னேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கேமரா தானாகத் தலையைத் திருப்பியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிறகு நேரே அவர் முகத்துக்கு. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் நீ போனில், "கண்ணாடிக்காரர் நல்லா இருக்காரா?" என்று கேட்டாய். அவர் வந்ததை நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

தபாலில் பதில் போடு.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கடைசியாக நான் தாளில் எழுதியது பரீட்சையில்தான். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அந்தக் கேமரா, ஓடவில்லை என்று யாரோ திருப்பிக் கொடுத்த மலிவுச் சரக்கு. சார்ஜர் செருகும் இடம் உடைந்திருந்தது. இன்னொரு செத்த கேமராவிலிருந்து அதைப் பிடுங்கிப் பற்றவைத்தேன். பல நாள் என் மேசையில் ஓடவிட்டுச் சோதித்தேன். பழுது பார்ப்பது எல்லாவற்றுக்கும் யூடியூபில் வீடியோ போடுவதுபோல் அதற்கும் போட்டேன். 'கொடுத்த காசுக்கு மோசமில்லை' என்று சொன்னேன். அவ்வளவுதான் அதன் யோக்கியதை. கரண்ட் போய் வந்தால் அந்த வகைக் கேமரா தன் மோட்டார் ஓடுகிறதா என்று தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்துக்கொள்ளும். அவர் முகத்தில் வந்து நின்றது தற்செயல். பாஸ்வேர்டை நீதான் போட்டாய், எனக்குத் தெரியாது. நம்பிக்கை வராவிட்டால் ஒரு துணியைப் போட்டு மூடு.

நீ கோபித்துக்கொண்டாலும் ஒன்று கேட்டுவிடுகிறேன். அந்த மனிதர் நம் வீட்டுச் சுவரையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தாராமே, எதற்கு? அப்பா பெயரில் இருக்கிற வீடு. கண்ணாடி விற்கிறவருக்குச் சுவரில் என்ன வேலை? பழைய சாமான் வாங்கும் முன்னால் நானும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பேன்.

உன் திருப்புளி


மார்ச் 17

அன்புள்ள திருப்புளிக்கு,

கேமராவுக்கு அப்பாவின் குல்லாவை மாட்டிவிட்டேன். கூடத்தில் ஒரு குட்டி ஆள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணால் பார்த்தவன் 'தட்டிப் பார்த்தார்' என்று எழுதுவான். நீ 'பார்த்தாராமே' என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாய். அதுவும் அவர் தட்டியது குளியலறைச் சுவரை. கேமரா எத்தனை தலை திருப்பினாலும் அங்கே எட்டாது.

யார் சொன்னது? பாத்திரம் தேய்க்க வருகிறவளோ என்று நினைத்து, அவளிடம் கேட்டும் விட்டேன். "என்னைப் பாத்து இப்படிக் கேட்டுட்டீங்களே" என்று கரித்துணியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. இப்போது பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். என் வீட்டிலேயே திருடி மாதிரி நடக்கிறேன்.

அவர் ஏன் தட்டினார் என்று கேட்டாயே. அப்பா குளிக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்த வேண்டும், செங்கல் எங்கே கெட்டி என்று பார்த்தார். மறுவாரம் கம்பியும் வந்துவிட்டது. அந்தச் செய்தி உனக்கு வரவில்லையா? உன் ஆள் பாதியைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது.

பெயரைச் சொல்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்கா,

யார் சொன்னால் என்ன? சொன்னவர் மேல் எரிந்து விழுவாய், அதனால் சொல்ல மாட்டேன். எனக்கு இருப்பது ஒரே அக்கா, ஒரே அப்பா. தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

கம்பி போட்டது நல்லதுதான். ஆனால் கெட்டிக்காரன் முதலில் கம்பிதான் போடுவான். இரண்டு கடிதம் எழுதிவிட்டாய், நீ கல்யாணமாகிப் போய்விட்டால் அப்பா எங்கே இருப்பார் என்று ஒரு வரி எழுதினாயா?

இத்துடன் ஒரு சின்ன விளக்கு அனுப்புகிறேன். ஆள் நடந்தால் தானாக எரியும். அப்பா கட்டிலிலிருந்து இறங்கும் இடத்தில் வை. இதில் கேமரா இல்லை, மைக் இல்லை. சத்தியம்.

உன் திருப்புளி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

விளக்கு வந்தது. உன் சத்தியத்தை நம்பாமல் நானே மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பல்பும் பாட்டரியும் ஒரு பச்சைத் தகடும்தான் இருந்தன. திரும்ப மூடுவதற்குள் விரல் நகம் போயிற்று. அப்பா கட்டிலடியில் வைத்திருக்கிறேன், நன்றாக எரிகிறது.

இனி நீ பெயர் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை காலை அடுப்பு முன்னால் நின்றிருந்தேன். அப்பா எனக்குப் பின்னால் மேஜையில் இருந்தார். உன் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்குள்ளேயே முனகினேன், "நான் போயிட்டா இவர் எங்க இருப்பாரு?" எனக்கே சரியாகக் கேட்டிருக்காது.

"நானும் கூட வரேன்மா. என்னைத்தான் யாரும் கேக்கல."

திரும்பினேன். அப்பா அந்தக் கருவியைக் காதிலிருந்து கழற்றி, பிடிபட்டவர் மாதிரி மேஜை மேல் வைத்தார். நான் அதைத் திரும்ப அவர் காதில் மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்தேன். கத்தாமல் கேட்டேன். போட்ட முதல் நாளிலிருந்தே எல்லாம் கேட்டதாம். நான் வேலைக்குப் போனதும் நீ போன் பண்ணுவாயாம், யார் வந்தார், என்ன பேசினார் என்று விசாரிப்பாயாம். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்றேன்.

"காது கேக்குதுன்னு தெரிஞ்சா என் முன்னாடி பேச மாட்டீங்க. என்னை என்ன பண்ணப் போறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அப்புறம் எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கிறவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வெகு நேரம் வாசலில் நிற்க வைத்தாள், பிறகு வருகிறேன் என்றாள்.

கேமராவைச் சந்தேகப்பட்டது என் தப்பு. உன்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. வயதான மனிதர், மகளும் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்துபோய் இருக்கிறார். அந்தப் பயத்தைத் தீர்க்க நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ அதை வைத்து உளவு பார்த்தாய். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ பழுது பார்த்ததிலேயே முதல் தரமான வேலை அந்தக் காதுக் கருவிதான். அதற்கு வீடியோ போடு.

அப்பா கண்ணாடிக்காரரிடம் தானே பேசினார். "நானும் வருவேன், சம்மதமா?" என்று நேராகக் கேட்டார். அவர், கடைக்குப் பின்னால் வெளிச்சமான அறை ஒன்று இருக்கிறது, வாசலில் படி கிடையாது, முதலில் வந்து பாருங்கள் என்றார். நேற்று போய்ப் பார்த்தோம். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அவரை முன்னாலேயே பிடித்திருந்தது, அதை இன்னும் உனக்கு எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

கேமராவைத் திருப்பி அனுப்புகிறேன். அதே பெட்டியில் வீட்டின் இன்னொரு சாவியும் இருக்கிறது. நாங்கள் அங்கே போனபிறகு வீடு உன் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். சுவரெல்லாம் பத்திரம்.

கல்யாணத்துக்கு நாள் பார்த்தாயிற்று. எந்த நாள் என்று இதில் எழுதவில்லை. அப்பா எப்படியும் உன்னிடம் சொல்லிவிடுவார். சொன்னதும் வா.

அக்கா