முப்பத்தொரு செல்கள்

மார்ச் 4, செவ்வாய்

நுரையீரல் புற்று. பஸ் டிரைவர், வயது முப்பத்தெட்டு, புகை பிடித்ததே இல்லை. நோய் பரவிய இடுப்பெலும்பில் எடுத்த துண்டில் மரபணு இடம் மாறியிருக்கிறதா என்று எங்கள் லேபில் பார்த்தோம். ‘மாற்றம் இல்லை’ என்று அனுப்பியாயிற்று. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5

அவர் மனைவி கவுன்டருக்கு வந்தாள். “இல்லைன்னு போட்டிருக்கே அக்கா, நல்லதுதானே?”

என்ன சொல்வது? இந்தப் பரிசோதனையில் ‘இருக்கிறது’ என்பதுதான் நல்ல செய்தி. இருந்தால் மாத்திரைக்கே நோய் கட்டுப்படும். இல்லையென்றால் ஊசி மருந்து. அதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு முட்டுகிறதாம். டாக்டரைக் கேளுங்கள் என்று நழுவிவிட்டேன். கோழை.

மார்ச் 6

மனசு கேட்கவில்லை. ஸ்லைடை மறுபடி எடுத்தேன். ஐம்பது செல்லாவது எண்ண வேண்டும்; பன்னிரண்டில்தான் மரபணுவைக் காட்டும் சாயப் புள்ளிகளே தெரிகின்றன, அதுவும் மங்கலாக. ஏன்? — எலும்பு நறுக்க வரவேண்டும் என்று ஆசிடில் ஊறவைத்தோமே! ஆசிட் மரபணுவையும் தின்றுவிட்டது. ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று எழுதித் தொலைச்சிருக்கோம்.

சீஃப் டாக்டரிடம் போனேன். “ரிப்போர்ட் போயாச்சேம்மா. திரும்ப எதுக்குக் கிளறறீங்க?”

“தப்பா போயிருக்கு சார். நெஞ்சுல எடுத்த தண்ணியில இருந்த செல்லு நம்மகிட்ட இருக்கு. அதுல ஆசிட் படலை.”

முறைத்தார். நான் நகரவில்லை.

“சரி, பண்ணுங்க.”

மார்ச் 7

சாயம் ஏற்றியாயிற்று. நாளை வரை ஊற வேண்டும்.

மார்ச் 8

சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒட்டியிருந்தால் சாதாரணம்; பிரிந்திருந்தால் மரபணு இடம் மாறியிருக்கிறது. முதல் செல் — பிரிந்து கிடந்தன. இரண்டாவதும் பிரிந்து. ஐம்பதில் முப்பத்தொன்று! எட்டு இருந்தாலே போதும். எழுந்து கத்தியேவிட்டேன். சீஃப் ஓடி வந்தார், தானே எண்ணினார், முப்பத்திரண்டு என்றார். போட்டிக்கு ஒன்று கூட! பழைய ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே எழுதினார். ஆசிட் தொட்ட எலும்பு இனி இந்தப் பரிசோதனைக்குக் கூடாது என்று சுவரிலும் ஒட்டினார். ஜெயித்துவிட்டேன். வேறெப்படி எழுதுவது?

மார்ச் 10

மனைவியிடம் நானே சொன்னேன், எங்கள் தப்பையும் சேர்த்து. திட்டுவாள் என்று நினைத்தேன். “அப்ப, இருக்குன்னா சந்தோஷப்படணுமா?” என்று கேட்டுவிட்டு அழுதாள்.

ஏப்ரல் 24

மாத்திரை தொடங்கி ஆறு வாரம். இன்று லிஃப்ட் ரிப்பேர். எங்கள் மூன்றாவது மாடி வாசலில் ஒரு ஆள் வந்து நின்று, “புள்ளி எண்ணின மேடம் நீங்கதானே?” என்றவர், நிறுத்தாமல் பேசினார்: டிப்போ, புது ரூட், வேலைக்கு எப்போது திரும்புவது, எல்லாம். ஐந்து நிமிடம் கழித்து மனைவி கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி வந்தாள்.

மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.