மூன்றில் ஒரு பங்கு

9 ஜூன் 1987, செவ்வாய்

வெயில் குறையவில்லை. கடல் காற்று சாயங்காலம்தான் எட்டிப் பார்த்தது. கூடத்து மின்விசிறி சத்தம் போடுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

காலையில் வக்கீல் வீடு. மனதில் கிடந்ததை ஒருவழியாகச் சொல்லியாயிற்று. நேரு வீதிக் கட்டடம், என் காலத்துக்குப் பிறகு, காலாப்பட்டில் புதிதாக வந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு (இனி ப.க. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது). அதன் வாடகையில் ஒரு பெண்பிள்ளை படிக்க வேண்டும். என் மகள் நசீமா பெயரில்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "பள்ளிவாசலுக்கு எழுதுவாங்க, அனாதைப் புள்ளைங்களுக்கு எழுதுவாங்க. யூனிவர்சிட்டிக்கா பாய்? அது வந்தே ரெண்டு வருஷம் ஆவலியே."

"ஆவலைன்னா என்ன? இனிமே இருக்கப் போவுதில்ல?"

எங்கள் மார்க்கப்படி உயிலில் எழுதக்கூடியது சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். அதற்கு மேல் எழுதினால் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்குப் பார்த்தார். இந்த வீடு, மகன்கள் நடத்தும் இரும்புக்கடை, அந்தக் கட்டடம். கட்டடம் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார். நிம்மதி.

அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் போன மாதம் கோரிமேடு ஆஸ்பத்திரி டாக்டர் என் இதயம் பெரிதாகியிருப்பதாகச் சொன்னார். பெரிய மனசு என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

11 ஜூன், வியாழன்

மின்விசிறி சரி. ஆள் போகும்போது ஒரு திருகாணியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது இல்லாமலே ஓடுகிறது.

ஹாஜிராவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று எழுந்தபோது, "அங்க பலகையில அவ பேரு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"வேணாம்."

ஏன் என்று கேட்டேன். அடுத்த மீனை எடுத்தாள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இவளோடு குடித்தனம். இந்த "வேணாம்" எந்த வகை என்று புரியவில்லை. கோபம் இல்லை. அழுகையும் இல்லை.

15 ஜூன், திங்கள்

காலாப்பட்டு போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. செம்மண், முந்திரி மரம், பாதி எழும்பிய சுவர்கள், அதற்கப்பால் கடல். சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "இதுக்குமேல எனக்கு ஏறாதுடி" என்று புத்தகத்தை மூடினாள். நசீமா சொல்வது போலவே இருந்தது.

அலுவலகத்தில் ஒரு அதிகாரி. சின்ன வயது, மரியாதையானவர். டீ வரவழைத்தார். கேள்விகள் கேட்டார். கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்? மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு. கீழ்க்கடை இரண்டு மாதமாகக் காலி. வில்லங்கம்? இல்லை. எந்தப் படிப்பு படிக்கும் பெண்ணுக்கு?

விழித்தேன். நசீமா பி.எஸ்சி. படித்தாள். இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பதிமூன்று வருடம் ஆகிறது. என்ன பாடம் என்பது நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"எப்ப கிடைக்கும்னு எதிர்பார்க்கலாம் சார்?" என்று கேட்டுவிட்டு, கேட்டது என்ன என்று உறைத்து, முகம் சிவந்துபோனார். "நீங்க நூறு வருஷம் இருக்கணும்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் வராதே தம்பி."

இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் வரை கூடவே வந்தார்.

16 ஜூன், செவ்வாய்

ஹாஜிராவைக் கேட்டேன். உடனே சொன்னாள். "விலங்கியல். தேங்காய்த்திட்டு படகுக்காரர்கிட்ட பேத்த மீன வாங்கியாந்து, பாட்டில்ல மருந்து ஊத்தி அலமாரியில வச்சாளே. சோத்துத் தட்டு வரைக்கும் அந்த நாத்தம். மறந்துட்டீங்களா?"

இப்போது நினைவு வந்தது. அந்த மீன் உப்பிக்கொண்டு எங்களையே முறைத்துப் பார்க்கும். கேட்டதற்காக அவள் சந்தோஷப்பட்ட மாதிரி தெரிந்தது. பலகைப் பேச்சை நான் எடுக்கவில்லை.

சர்க்கரை, தேயிலை, என் மாத்திரை. மாத்திரை மட்டும் வாங்க மறந்தேன்.

21 ஜூன், ஞாயிறு

மகன்கள் இரண்டு பேரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். சின்னவன், "உங்க இஷ்டம் அத்தா" என்று கறியை அள்ளிப் போட்டுக்கொண்டான். பெரியவன் காதர் கையை எடுத்துவிட்டான்.

அந்தக் கீழ்க்கடையில் பெயிண்ட் கடை போடுவதாக இருந்தானாம். சாமான் கொடுக்க கம்பெனிக்காரனிடம் பேசியும் வைத்திருக்கிறான். வரும் பெருநாள் முடிந்து என்னிடம் சொல்ல இருந்தானாம். எனக்குத் தெரியாது.

"சட்டப்படி உங்களைக் கேக்க வேணாம்னு வக்கீல் சொன்னாரு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வக்கீலைக் கேட்டீங்க, யாரோ ஆபீசரைக் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன அத்தா? அவ எனக்குந்தானே தங்கச்சி. காலேஜுக்கு சைக்கிள்ல வச்சி மிதிச்சவன் நான்."

சாப்பிடாமல் போய்விட்டான். அவன் இலையை ஹாஜிரா எடுக்கவே இல்லை. சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

26 ஜூன், வெள்ளி

ஜும்மாவுக்குப் பெரியவன் வேறு பள்ளிவாசல் போயிருக்கிறான். ஒவ்வொரு வெள்ளியும் இங்கே வந்து சாப்பிடுவான். வரவில்லை.

கடற்கரையில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், என் பழைய நண்பர், தடியை ஊன்றி நின்று, "யூனிவெர்சித்தேவுக்கா எழுதுற? போங்!" என்று பிரெஞ்சில் மெச்சிக் கை கொடுத்தார். ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் யாரோ: "பாய்க்கு மூளையில எதுனா ஆயிருக்கும்." நான் இருப்பதைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மழையே இல்லை.

உயிலை விட்டுவிடலாமா என்று யோசனை. உயிரோடு இருக்கும் மகனை இழந்துவிட்டு, போன மகளுக்கு என்ன செய்வது? வக்கீலிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

3 ஜூலை, வெள்ளி

இன்றும் பெரியவன் வரவில்லை.

சாப்பிட்ட பிறகு ஹாஜிரா வெற்றிலைத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளாகவே பேசினாள். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பலகை வேணாம்னு ஏன் சொன்னேன்னு கேட்டீங்களே. நீங்களும் நானும் மவுத்தான பொறவு அங்க யாரு அவ பேர சொன்னா எனக்கு என்ன? எனக்குக் கேக்காதே. இந்த வீட்டுல அவ பேர யாரும் சொல்றதில்ல. நீங்க சொல்றதில்ல, காதர் சொல்றதில்ல. நான் வருத்தப்படுவேன்னு. சொல்லாம இருக்கறதுதான் எனக்கு வருத்தம்."

வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இப்பவே ஒரு புள்ளைக்குக் குடுங்க. மாடி வாடகையக் குடுங்க. நம்ம ரெண்டு பேருக்கு எவ்ளோ வேணும்? மிச்சம் உங்க உயில்ல எழுதுங்க."

"காதர்?"

"அத நான் பாத்துக்கறேன்."

5 ஜூலை, ஞாயிறு

காலையிலேயே ரிக்ஷா வைத்துக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனாள், பெரியவன் வீட்டுக்கு. என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள். நான் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். பேப்பரில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மத்தியானம் அவனுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். இந்த வயதில், முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

அங்கே நடந்ததைப் பெரியவனே சொன்னான். "கீழ்க்கட உனக்குத்தான், ஆனா வாடகைக்குன்னாங்க அம்மா. அத்தா இருக்கறவரைக்கும் அத்தாகிட்ட குடு, அப்புறம் காலேஜுக்குக் குடுன்னாங்க. நான் யோசிச்சேன். உடனே, 'தங்கச்சிக்குத்தானேடா குடுக்கற'ன்னாங்க. அப்புறம் என்ன பேசறது?"

நான், "உன்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றேன்.

"விடுங்க அத்தா. பசிக்குது."

நன்றாகச் சாப்பிட்டான். சைக்கிளில் போகும்போது நசீமா பின்னாலிருந்து பாடம் ஒப்பிப்பாளாம். தவளையின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று இவனுக்கு இன்னும் மனப்பாடம். சொல்லிக் காட்டினான். ஹாஜிரா சிரித்துவிட்டாள்.

20 ஜூலை, திங்கள்

உயில் பதிவாயிற்று. கட்டடம் ப.க.வுக்கு. வாடகை ஒழுங்காகக் கொடுக்கும்வரை கீழ்க்கடையில் காதர் இருக்கலாம். காலாப்பட்டு அதிகாரி மேலே கேட்டு, சரி என்று எழுதி அனுப்பியிருந்தார். மாடி வாடகை இந்த வருடத்திலிருந்தே ஒரு பெண்ணுக்கு. சாட்சி: வக்கீலின் குமாஸ்தா, பென்ஷன்கார நண்பர். நண்பர் பிரெஞ்சில் நீட்டிக் கையெழுத்துப் போட்டதில் குமாஸ்தாவுக்கு இடமில்லாமல் போயிற்று.

நல்ல மழை. பெரியவன் கொண்டுவந்து விட்டான்.

20 ஆகஸ்ட், வியாழன்

ப.க.விலிருந்து அந்தப் பெண் வந்தாள். முதலியார்பேட்டை. அப்பா மில்லில் இருந்தவர், இப்போது சைக்கிள் கடையில் வேலை. எம்.எஸ்சி. விலங்கியல். பெயர் செல்வி. அப்பாவோடு வாசலில் நின்று, உள்ளே வரத் தயங்கி, "நான்தாங்க நசீமா ஸ்காலர்ஷிப்" என்றாள்.

ஹாஜிரா கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன சொன்ன?"

பெண் பயந்துவிட்டாள். "ஆபீஸ்ல அப்படித்தாம்மா கூப்புடுறாங்க. 'நசீமா ஸ்காலர்ஷிப் யாரு'ன்னு கேட்டாங்க, நான் எழுந்து நின்னேன். கிளாஸ்லயும் அதே பேருதான். தப்பாம்மா?"

"தப்பில்ல. உள்ள வா. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள்.

ஹாஜிரா அடுக்களைக்குள் போய்ச் சிறிது நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். தட்டு நிறைய வஞ்சிர மீன் வறுவல், காலையிலிருந்து இதற்காகவே செய்தது. அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"நாங்க சைவங்கம்மா."

"மீனப் பத்தித்தானே படிக்கிற?"

"படிப்பேன். அறுத்துக்கூடப் பாப்பேன். சாப்பிட மாட்டேம்மா."

கடைசியில் தயிர்ச்சோறு, மாங்காய் ஊறுகாய். அவள் சாப்பிடுவதை ஹாஜிரா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எப்போது, பஸ்ஸில் இடம் கிடைக்கிறதா, ராத்திரி வெகுநேரம் கண் விழிக்காதே. நான் குறுக்கே பேசவில்லை.

அவர்கள் போன பிறகு மீன் முழுவதும் எனக்கு. டாக்டர் வறுவல் கூடாது என்றிருக்கிறார். இரண்டு துண்டு.

ஹாஜிரா கேட்டாள்: "இந்தப் புள்ள படிச்சி முடிச்சதும்?"

"அடுத்த புள்ள வரும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கடுத்த புள்ள."

யோசித்தாள்.

"அடுத்ததாவது மீனு சாப்புடற புள்ளையா பாத்து எடுக்கச் சொல்லுங்க."