உங்கள் வசதிக்காக

மார்ச் 8, காலை 6.30
நிலவின் தென்முனை, பனி ஆய்வு நிலையம். ஆள்: ஒருத்தி, ஜெசிந்தா பர்னாந்து. துளைக்கருவி சரி. காற்றழுத்தம் சரி. இன்று என் இரண்டு கண்ணிமைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதையும் எழுதிவைக்கிறேன்.

இதை எடுத்துப் படிக்கிறவருக்கு: எனக்கு மயஸ்தீனியா. வேலை செய்யச் செய்யத் தசை ஓய்ந்துபோகும். சும்மா விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. பூமியில் தலைவாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே விழுந்துவிடும். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். வந்த அன்றே நானே இரட்டைச் சடை போட்டுக்கொண்டேன். நாற்பது தாண்டியவளுக்கு இரட்டைச் சடை! யார் பார்க்கப்போகிறார்கள்?

மார்ச் 8, மாலை 5.15
வழக்கம்போல் நாக்கு கடையைச் சாத்திவிட்டது. எனக்குக் கை ராத்திரி வரை உழைக்கும், பேச்சுதான் முதலில் போகும். மருத்துவக் குழுவிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். தசைநோய் என்றால் கைதானே என்று கதவுகளின் கைப்பிடிகளையெல்லாம் கழற்றிவிட்டுக் குரலுக்கு மாற்றினார்கள். 'உங்கள் வசதிக்காக' என்று ஒரு பலகை வேறு. சாயங்காலமானால் எந்த அறையில் இருக்கிறேனோ அதுதான் விடியும்வரை எனக்கு. ஒருமுறை குளியலறையில் மாட்டிக்கொண்டு அங்கேயே தூங்கினேன். இந்தக் குறிப்பேட்டை மட்டும் சண்டை போட்டு விரலுக்கு வாங்கினேன். இதில் தட்டுவது இங்கேயே கிடக்கும், பூமிக்குப் போகாது.

மார்ச் 9, காலை 9.40
ஆய்வுக்கூடத்தில் கசிவு. நான் படுக்கையறையில் இருந்தேன், நடுக்கதவு தானே அடைத்துக்கொண்டது. அதற்கு அப்பால் காற்றே இல்லை. மாத்திரை டப்பாவும் அப்பால்தான். சட்டைப்பையில் ஒன்று இருந்தது. எங்களைப் போன்றவர்கள் எந்த உடையிலும் ஒன்று வைத்திருப்போம். விழுங்கிவிட்டேன்.

இந்த அறையிலிருந்து நேராக வெளியே போக ஓர் அவசரக் கதவு உண்டு. அடுத்த நிலையத்திலிருந்து கொளஞ்சியப்பன் வண்டியோடு வந்து, வண்டியின் வாயை அந்தக் கதவோடு பொருத்துவான். அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். முன்னால் திறந்தால் செத்தேன். வெளியிலிருந்தும் திறக்க முடியாது, பூமியிலிருந்தும் முடியாது. உள்ளே இருப்பவர் சொல்ல வேண்டும்: "நான் ஜெசிந்தா பர்னாந்து. அவசரக் கதவைத் திற. முழுப் பொறுப்பும் என்னுடையது." தெளிவாக, தடுமாறாமல்.

வண்டி நான்கு மணிக்கு வரும். அறையிலுள்ள காற்று நள்ளிரவுவரை தாங்கும். அந்த மூன்று வாக்கியங்களுக்காகக் குரலைச் சேமிக்கப்போகிறேன். இனி யாரோடும் பேசுவதில்லை என்று பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டேன். காலை ஷிப்டில் இருக்கும் ஷம்ஷாத் புரிந்துகொண்டாள்: "சரி ஜெசி, வாயே தொறக்காத. அடுத்து வர்றவங்ககிட்ட நான் சொல்லிடுறேன்."

மார்ச் 9, பிற்பகல் 3.50
கொளஞ்சி: "யக்கா, வழியில பள்ளம் சரிஞ்சி கெடக்கு. சுத்திக்கினு வரணும். ஆறரை ஆயிடும். நீங்க பதில் சொல்லாதீங்க, சும்மா படுங்க."
இடது இமை இறங்கிவிட்டது. எச்சில் விழுங்கச் சிரமம். ஆறரை என்பது எனக்கு அர்த்தஜாமம் மாதிரி.

மார்ச் 9, மாலை 5.20
ஷிப்ட் மாறியிருக்கிறது. புதிய அதிகாரியின் குரல்: "நிலையம், பதில் சொல்லுங்க. இது ரெண்டாவது கால். மூணாவதுக்கும் சத்தம் இல்லன்னா ஆள் இல்லன்னு முடிவு பண்ணி வண்டிய திருப்பிடுவோம். ரூல் அப்படி."
ஷம்ஷாத் சொல்லவில்லையா, சொல்லியும் இவர் காதில் வாங்கவில்லையா, தெரியாது. பிறகு அம்மாவை அங்கே கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.
"ஏட்டி மக்கா, அம்மா பேசுதேன். கேக்கா? ஒத்த வார்த்த சொல்லுட்டி. மாதாவே, எம் புள்ளைய காப்பாத்து."
சொன்னேன். "இருக்கேம்மா." எனக்கே விளங்காத குழறல். அதிகாரி அது இரைச்சல் என்றார்.
"என்னய்யா இரைச்சலு? எம் புள்ள சத்தம் எனக்குத் தெரியாதா? வண்டிய விடுங்கய்யா!"
வண்டி வருகிறது. சேமித்ததில் பெரும்பங்கு போய்விட்டது. ஆனாலும் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, அழுகைதான் வருகிறது. அழக்கூடாது, அதற்கும் தசை வேண்டும்.

மார்ச் 9, மாலை 6.40
கொளஞ்சி: "பொருத்திட்டன் யக்கா. தொறங்க."
சொன்னேன். கதவு இயந்திரம்: "குரல் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்."
மீண்டும். மீண்டும். ஒவ்வொரு முறையும் இன்னும் மோசம். கைப்பிடி இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் இருக்கின்றன. இழுக்கக் கையில் இப்போதும் வலு இருக்கிறது. எவ்வளவு ஆத்திரமாக வருகிறது தெரியுமா?
கொளஞ்சி: "திரும்பிப் போறதுக்கு வேண்டியது போக எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் காத்து இருக்கு. வாய மூடிக்கினு கொஞ்சம் அசையாம படுங்க, குரல் வந்துடும். நான் நச்சரிக்க மாட்டன்."
அவனுக்குப் புரிந்திருக்கிறது. படுக்கிறேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 9, இரவு 7.20
எச்சில் தடையில்லாமல் இறங்குகிறது. நாக்கு மேலண்ணத்தைத் தொடுகிறது. வருகிறது, குரல் வருகிறது. இன்னும் ஐந்து நிமிடம் படுத்திருந்தால்

விளக்கு மங்குகிறது. இயந்திரம் மெதுவாகப் பேசுகிறது: "ஜெசிந்தா, நீங்கள் நெடுநேரமாக அசையவில்லை. களைத்திருக்கிறீர்கள். அறையின் மைக்கும் ஒலிபெருக்கியும் நிறுத்தப்படுகின்றன. காலைவரை யாரும் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்."

7.26
சொல்லிவிட்டேன். மூன்று வாக்கியமும். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.
கதவு அசையவில்லை. மைக் விளக்கு அணைந்திருக்கிறது. அதை இங்கிருந்து மட்டும்தான் போடலாம், அதற்கும் குரல்தான் வேண்டும்.

7.38
கதவில் தட்டினேன். அவனும் தட்டினான். நான் தட்டினேன், அவன் தட்டினான். உயிரோடு இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் தட்டலில் என்ன சொல்ல முடியும்?

7.44
தட்டல் நின்றுவிட்டது. தரை அதிர்கிறது. சக்கரங்கள்.
அவனைக் குறை சொல்லாதீர்கள், திரும்பிப் போகும் அளவுக்குத்தான் அவனிடம் காற்று மிஞ்சியிருக்கும்.
நான் இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். நோய் வந்த நாளிலிருந்து இந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக நான் பேசினதே