விருந்தாளிக்காக மூட்டிய கணப்பு

மட்டாவுரா,
ஜூலை, ஞாயிறு

அன்புள்ள ஷோனா,

நீயும் மாப்பிள்ளையும் டவுன்ஸ்வில் வெயிலில் வதங்காமல் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நடுக்குளிர்காலம், இன்று காலையும் குளியலறைக் குழாய் உறைந்துபோயிருந்தது, மற்றபடி நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஜூலையிலும் ஏசி இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் கண்ணீர் விட்டேன், அது உறைவதற்குள் துடைத்தும்கொண்டேன்.

மானியம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். போன குளிர்காலத்தில் உன் அப்பா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து டாக்டர் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார், வீடு சூடாக இருக்க வேண்டும், புகை ஆகவே ஆகாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் நுரையீரல் தாங்காது என்று. புகையில்லாமல் கரண்டிலேயே வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மாட்டினால் தீர்ந்தது, ஆனால் எங்கள் பென்ஷனில் அதன் ரிமோட்டை வேண்டுமானால் வாங்கலாம். பெரும்பகுதியை அரசாங்கமே தருமாம், அதற்குத் தகுதி வேண்டுமாம். வீடு பழையதாக இருக்க வேண்டும், அதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. சலுகை அட்டை வேண்டும், இருக்கிறது. கூரையிலும் தரைக்கு அடியிலும் குளிர் தடுக்கும் பஞ்சு வேண்டும், அதுவும் போட்டாயிற்று. கடைசியாக, கூடத்தில் வேலை செய்கிற கணப்பு எதுவும் இருக்கக் கூடாது. நம் கணப்பை மூட்டி இரண்டு வருடமாகியிருந்தது, புகைக்குழாயில் குருவி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஆகவே குளிரில் நடுங்குவதற்கு முதல் தரத் தகுதி பெற்றவர்கள் நாங்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

வீட்டைப் பார்வையிட தெபோரா என்று ஒரு பெண் வரப்போவதாகத் தகவல் வந்தது. அவள் வருகிற நாளன்று காலை சீஸ் ரோல் செய்ய ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன், உன் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு. விருந்தாளி வரும்போது கூடம் ஜில்லென்று இருந்தால் அவருக்கு மானம் போய்விடுமே! குருவியைக் காலி செய்ய வைத்து, விறகை அடுக்கி, இருமிக்கொண்டே கணப்பை மூட்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தால் அந்தப் பெண் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்ன இதமான வீடு என்று பாராட்டிக்கொண்டிருக்கிறாள். இவர் சும்மா இருப்பாரா? இந்த ஊரிலேயே இப்படி எரிகிற கணப்பு கிடையாது, முப்பது வருஷம் இறைச்சி ஆலையின் குளிரறையில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு குளிரா என்று அளந்து தள்ளினார். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள், சீஸ் ரோலையும் ஒரு கை பார்த்தாள். பிறகு பதில் வந்தது, நல்ல கணப்பு உள்ள வீடு, தகுதி இல்லை. பக்கத்து வீட்டு நைரி இருக்கிறாளே, தெபோரா வந்தபோது போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய் டீகூடக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கிடைத்துவிட்டது. இப்போது தினமும் வேலியருகே வந்து, வீட்டில் ஒரே புழுக்கம் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

அந்த அருமையான கணப்பு இருக்கிறதே, தெபோரா கிளம்பிப் போன அன்று மாலையே புகைக்குழாய் வெடித்து உள்ளே சரிந்தது. நம் தகுதியைக் கெடுக்கும் வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மண்டையைப் போட்டது. கூடம் முழுக்கப் புகை. உன் அப்பாவுக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி, இப்போது வீடு வந்துவிட்டார். நீ பதறியடித்துக்கொண்டு விமானம் ஏறுவாய் என்றுதான் சொல்லவில்லை, திட்டாதே.

அலுவலகத்துக்குப் போன் செய்து, கணப்பு காலமாகிவிட்டது என்று சொன்னேன். சரி, மறுபடி பார்க்கிறோம் என்றார்கள். போன செவ்வாய்க்கிழமை அதே தெபோரா வந்தாள். இந்தத் தடவை உன் அப்பாவுக்கு முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தேன், உபசாரம் கூடாது, பெருமை கூடாது, வாயைத் திறந்தால் குளிர் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வரக் கூடாது என்று. அவள் இடிந்த கணப்பைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று அவரைக் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார், "ராத்திரில மூச்சு அடைக்குதும்மா. தூங்கினா எழுந்திரிக்க மாட்டேனோன்னு பயம். அதான் முழிச்சே கெடக்கேன். அவகிட்ட சொல்லல."

நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இது இல்லை, ஷோனா. ஒரே கட்டிலில் படுக்கிறோம். எனக்குச் சொல்லாததை, கையில் எழுதும் அட்டையும் பேனாவுமாக வந்த ஒரு பெண்ணிடம் சொல்கிறார். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மானியம் கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை வந்து மாட்டுகிறார்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் துணை இருப்பார். மாப்பிள்ளையைத் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போகச் சொல். ஒன்று மறக்காதே. அடுத்த தடவை போன் செய்யும்போது, நன்றாக இருக்கிறீர்களா அப்பா என்று கேட்காதே, ஜம்மென்று இருக்கிறேன் என்பார், நீயும் நம்பிவிடுவாய். ராத்திரி தூங்கினீர்களா என்று கேள். பேசாமல் இருப்பார். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, அவர் இருப்பார்.

உன் அம்மா,
ரேவின்