மைப்பெட்டியை ஒளித்தவளுக்கு

அடியே, இன்று காலை ஆஸ்பத்திரி வாட்டில் மைப்பெட்டியைக் காணவில்லை. கைநாட்டு வைப்பதற்கென்று மேசையில் கிடக்குமே, அதே பழைய தகரப் பெட்டிதான். டாக்டர் இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார். அலமாரியைக் கவிழ்த்துக்கூடத் தேடினார்கள். அது என் சட்டைப்பைக்குள் இருந்தது. வெள்ளை யூனிபோமில் ஊதாக் கறை இறங்கிவிட்டது. என்ன சோப்புப் போட்டாலும் போகாது என்பது உன் யூனிபோமைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஓய்வு பெறப்போகும் வயதில் எனக்கு இது தேவையா, சொல்லு.

நர்சுகளாக ஒன்றாக வேலை பார்த்த வருடங்களில் உன்மேல் நான் எரிந்து விழுந்ததெல்லாம் இந்தப் பெட்டியால்தான். ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவம் சிங்களத்தில் இருக்கும். டாக்டர் அரை நிமிடம் பேசிவிட்டுப் போய்விடுவார். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுவார்கள். உனக்கு மட்டும் அது போதாது. பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்துவிடுவாய். "ஒங்களுக்கு என்ன செய்யப் போறாங்கன்னு ஒங்க வாயாலயே சொல்லுங்க பாப்போம்" என்பாய். சொல்லும்வரை பெட்டி வெளியே வராது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போனில் ஏச்சு வாங்குவது நான்.

"அதான் சரின்னு சொல்லிட்டாங்கல்ல, பெறகு என்னடி?" என்று ஒருநாள் கத்தினேன்.

"அது பெரட்டுக்களத்து 'சரிங்க'டி. காலையில வேல பிரிக்கிற கண்டாக்கு முன்னால நின்னு பழகுனது. அதப் போயி சம்மதம்னு எழுதிக்கிறதா?" என்றாய்.

நீ தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். நான் ஹட்டன் கடைவீதியில் வளர்ந்தவள். பெரிய வியாக்கியானம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கரப்பத்தனையிலிருந்து வந்த பெண்ணை நினைவிருக்கிறதா? கர்ப்பப்பையை எடுப்பதற்குத் தியேட்டர் தயாராக இருந்தது. நீ வழக்கம்போலக் கேட்டாய். "வயித்துக் கட்டிய எடுத்துருவாங்க மிஸ். அடுத்த வருசம் ஒரு புள்ள பெத்துக்கலாம்" என்று சிரித்தாள். நீ எழுந்துபோய் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தாய். அன்று ஆபரேஷன் நடக்கவில்லை. வீட்டுக்குப் போனவள் இரண்டு வாரம் கழித்துத் தானே திரும்பி வந்து கைநாட்டு வைத்தாள். "எப்படியும் எடுக்கத்தானே வேண்டியிருந்துச்சு, இழுத்தடிச்சு என்ன கண்ட?" என்று கேட்டேன். "இப்ப அது அவங்க எடுத்த முடிவுடி" என்றாய். உன்னோடு பேசி ஜெயிக்க முடியுமா?

பிறகு ஒருநாள் அதே வாட்டில் நீயே வந்து படுத்தாய். ஸ்கேன் முடிவு என் கைக்கு வந்தது. புற்றுநோய், அதுவும் முற்றியது. வராந்தாவில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தங்கச்சிக்குச் சொல்லிறாதீங்க மிஸ். தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிரும்." அவருக்காக இளகினேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"சின்னக் கட்டிதான், எடுத்துட்டா சரியாயிரும்" என்று படிவத்தை நீட்டினேன்.

"அப்ப கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன? மலை சீசன் முடியிறதுக்குள்ள நல்லதண்ணிக்குப் போயி ஏறிக் கும்புட்டுட்டு வந்துர்றேன்டி" என்றாய்.

"அடுத்த சீசன்ல ரெண்டு பேருமே ஏறுவோம்" என்றேன். என் வாய் கூசவில்லை.

நீ படிவத்தை வாங்கிக்கொண்டாய். "சரிங்க மிஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய்.

என்னை நீ ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வயிற்றைத் திறந்தவர்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடினார்கள். மலைக்குப் போகும் சீசன் பஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீ போய்விட்டாய். ஏண்டி, என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கக் கூடாதா? எல்லாரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டவள், என்னிடம் மட்டும் ஏன் கேட்காமல் விட்டாய்? கோபமாக வருகிறது. உன்மேலா என்மேலா என்று தெரியவில்லை.

இன்று காலை ஒருத்தி வந்திருந்தாள். மார்பில் புற்றுநோய், ஒரு பக்கத்தை முழுதாக எடுக்க வேண்டும். "கட்டின்னு மட்டும் சொல்லுங்க மிஸ், பயந்துருவா" என்றான் கணவன். டாக்டரும் சரி என்றுவிட்டார். அப்போதுதான் பெட்டி என் பைக்குள் போனது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன் கேள்வியைக் கேட்டேன்.

"சரிங்க மிஸ்" என்றாள்.

நீ சொன்ன அதே வார்த்தை. மறுபடியும் கேட்டேன். அதற்கும் அதே பதில். மூன்றாவது தடவைதான் என் கையைப் பிடித்து, "என்ன செய்யப் போறாங்க மிஸ்?" என்று அவள் கேட்டாள்.

டாக்டரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே சிங்களத்தில் விளக்கினார். அவர் சொன்னதையெல்லாம், அவள் முகத்தைப் பார்த்து, ஒன்று விடாமல் சொன்னேன்.